பிளெய்ன் வட்டாரத்தின் நான்கு கூடுகள்: ராட்சதக் கதண்டை ஒழித்த ஐந்தாண்டு வேலை

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி இருக்கும் சிறிய ஊர் பிளெய்ன். வாஷிங்டன் மாநிலத்தின் வாட்கம் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வருகிறது. 2019 டிசம்பரில் அங்கே ஒருவர் தன் வீட்டு வாசலில் ஒரு பெரிய பூச்சி செத்துக் கிடப்பதைப் பார்த்தார். பெருக்கித் தள்ளாமல் மாநில வேளாண் துறைக்குத் தகவல் கொடுத்தார். துறையின் பூச்சியியலாளர்கள் வந்து பார்த்துவிட்டு, இது ஆசியாவின் ராட்சதக் கதண்டு, அதாவது பெரிய குளவி வகை, என்று உறுதி செய்தார்கள். உலகத்தில் உள்ள கதண்டு இனங்களிலேயே பெரியது இதுதான். அமெரிக்க மண்ணில் அது பதிவானது அதுவே முதல் தடவை.

2024 டிசம்பரில் அதே துறையும் அமெரிக்க மத்திய வேளாண் துறையும் சேர்ந்து, இந்த இனம் நாட்டில் முற்றிலும் ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தன. நடுவில் ஐந்து ஆண்டுகள். அதற்குள் மொத்தமாக அழிக்கப்பட்ட கூடுகள் நான்கே நான்கு. வந்தேறிப் பூச்சிகளின் வரலாற்றில் இப்படி ஒரு முடிவு அபூர்வம். வந்தது வந்ததுதான், இனி அதோடு வாழப் பழகு என்பதே வழக்கமான முடிவு. இங்கே மட்டும் வேறு மாதிரி முடிந்ததற்குக் காரணம் மருந்தும் இல்லை, தொலைக்காட்சியில் காட்டிய, விண்வெளி வீரர் உடுப்பு மாதிரியான கவச உடையும் இல்லை என்பது என் கணிப்பு. வீட்டுக்காரர்கள் அடிக்காமல் பார்த்தார்கள், பார்த்ததைச் சொன்னார்கள். அதிகாரிகள் பூச்சியை விட்டுவிட்டுக் கூட்டைத் தேடினார்கள். வேலை முடிந்தது இந்த இரண்டால்தான்.

எதிரி எப்படிப்பட்டது

தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்குக் கதண்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் பெரிய குளவி என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூர்க் கதண்டைவிட இது பெரிது. ராணி ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம் வரும். தலை முழுக்க ஆரஞ்சு மஞ்சள். கொடுக்கு 6 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் தேனீ வளர்ப்பவர்கள் போடும் சாதாரண உடுப்பைத் துளைத்துவிடும்.

மனிதனைத் தேடி வந்து கொட்டுகிற பூச்சி கிடையாது. கூட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் ஆபத்து. அப்புறம் அது சாதாரண ஆபத்தாக இருக்காது. 2013இல் சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில் கதண்டுகள் கொட்டி 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பல கொட்டுகள் விழுந்தால் விஷம் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும்.

வாஷிங்டன் மாநிலம் பதறியதற்கு முதல் காரணம் தேனீ. இலையுதிர் காலம் நெருங்கும்போது இந்தக் கதண்டுகள் கும்பலாகச் சேர்ந்து ஒரு தேன்பெட்டியைத் தாக்கும். சில டஜன் கதண்டுகள் இருந்தால் போதும், ஆயிரக்கணக்கான தேனீக்களின் தலையைச் சில மணி நேரத்தில் துண்டித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் குஞ்சுகளுக்கு ஊட்டும். ஜப்பானின் நாட்டுத் தேனீ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. உள்ளே வரும் வேவுக் கதண்டை நூற்றுக்கணக்கில் மொய்த்துப் பந்தாகச் சூழ்ந்து, உடல் சூட்டாலேயே வேகவைத்துக் கொன்றுவிடும். அமெரிக்காவில் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வாட்கம் கவுண்டியோ ராஸ்பெரித் தோட்டங்கள் நிறைந்த பகுதி, மகரந்தச் சேர்க்கைக்குத் தேன்பெட்டிகளையே நம்பி இருக்கிறது.

வருடக் கணக்கு

இந்தப் பூச்சியின் வருடச் சுழற்சி தெரியாமல் இந்தக் கதை புரியாது. வசந்த காலத்தில் ஒரு ராணி தன்னந்தனியாக மண்ணுக்குள்ளிருந்து எழுந்து, மரப்பொந்திலோ நிலத்தடியிலோ கூடு தொடங்கும். முதல் வேலைக்காரக் கதண்டுகளை வளர்த்து எடுக்கும் வரை இரை தேடுவதும் அதேதான், கூடு கட்டுவதும் அதேதான். கோடையில் கூட்டம் பெருகும். இலையுதிர் காலத்தில் புதிய ராணிகளும் ஆண்களும் பிறந்து வெளியே போய் இணை சேரும். குளிர் வந்ததும் பழைய ராணி, வேலைக்காரர்கள், ஆண்கள் எல்லாம் செத்துப்போகும். கருவுற்ற புது ராணிகள் மட்டும் மண்ணில் பதுங்கிக் குளிர்காலத்தைக் கடக்கும். காலியான பழைய கூட்டுக்குத் திரும்பி வராது.

ஆக, ஒரு கூட்டைப் புது ராணிகள் வெளியேறும் முன் பிடித்தால் அந்த வம்சம் அங்கேயே முடிந்தது. ஒரு வாரம் தாமதித்தால் அடுத்த ஆண்டுக்கான விதை பரவிவிடும். அதற்குப் பிறகு கூட்டை எரித்தாலும் இடித்தாலும் மனத்திருப்திதான் மிச்சம்.

இதில் தடுக்கி விழுந்த நாடு நியூசிலாந்து. 1945இல் ஐரோப்பாவிலிருந்து வந்த விமான உதிரிபாகப் பெட்டிகளோடு ஜெர்மன் குளவி அங்கே இறங்கியது. குளிர்காலத்தில் பதுங்கியிருக்கும் ராணியைப் பிடித்துக் கொடுத்தால் ஒன்றுக்கு 3 பென்ஸ் என்று 1948இல் அரசு அறிவித்தது. மக்கள் சளைக்கவில்லை, 1,18,000 ராணிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். குளவிக் கூடுகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. காரணம் எளிது. குளிர்காலத்தில் பதுங்கும் ராணிகளில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் செத்துத்தான் போகும், பிழைத்தவை இடத்துக்காக ஒன்றையொன்று கொன்று தீர்க்கும். அரசு காசு கொடுத்தது எப்படியும் சாகப்போகிற ராணிகளுக்கு. இன்று அந்நாட்டின் தென்தீவுக் காடுகளில் உலகத்திலேயே அதிக அடர்த்தியில் குளவிக் கூடுகள் இருக்கின்றன.

பிரான்சின் அனுபவமும் கிட்டத்தட்ட இதேதான். 2004 வாக்கில் சீனாவிலிருந்து வந்த மண்பாண்டச் சரக்கில் மஞ்சள்கால் கதண்டு நுழைந்தது. பல ஆண்களோடு இணை சேர்ந்த ஒரே ஒரு ராணியிலிருந்தே அத்தனையும் பரவியிருக்கும் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. இருபது ஆண்டுகளில் மேற்கு ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது.

2020: பல் இடுக்கு நூலும் ஸ்ட்ராபெரி ஜாமும்

பிளெய்னுக்கு வருவோம். அதே 2019 செப்டம்பரில், எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் வான்கூவர் தீவில், நனைமோ நகரத்தில் ஒரு கூடு கண்டுபிடிக்கப்பட்டு அழிக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே கூட்டத்தின் கிளைகள் என்று எல்லாரும் நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்தால் நனைமோ பூச்சி ஜப்பான் வழி, பிளெய்ன் பூச்சி தென்கொரியா வழி. தனித்தனியாகக் கடல் தாண்டி வந்தவை என்று அர்த்தம். சரக்குக் கப்பலில் பதுங்கிவந்த ராணியாக இருக்கலாம் என்பது பொதுவான ஊகம்.

2020 மே மாதம் பத்திரிகைகள் இதற்குக் 'கொலைகாரக் கதண்டு' என்று பட்டம் கட்டின. ஏற்கெனவே கொரோனாவில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஜனத்துக்கு இது போதாதா? கதண்டே இல்லாத மாநிலங்களிலும் ஆட்கள் தோட்டத்தில் பறந்த வண்டுகளையும் பம்பிள் தேனீக்களையும் அடித்துக் கொல்ல ஆரம்பித்தார்கள். தயவுசெய்து கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லாதீர்கள் என்று பூச்சியியலாளர்கள் கெஞ்ச வேண்டிவந்தது. ஆனாலும் அந்தப் பீதியில் ஒரு நன்மை விளைந்தது. வாட்கம் கவுண்டியில் எல்லாரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

துறை மக்களுக்குச் சொல்லிக்கொடுத்த பொறி மிக எளிது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு துளை, உள்ளே ஆரஞ்சுச் சாறும் அரிசி மதுவும் சம அளவு, மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். மதுவின் வாடைக்குத் தேனீக்கள் கிட்டே வராது. பழுப்புச் சர்க்கரைக் கரைசலும் பின்னால் சேர்ந்தது. வாரம் ஒருமுறை பாட்டிலைக் காலி செய்து, விழுந்த பூச்சிகளைச் சேகரித்து அனுப்ப வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகளில் இப்படிப் பாட்டில் தொங்கியது.

ஜூலையில் முதல் கதண்டு பொறியில் விழுந்தது. ஆனால் செத்த கதண்டால் கூட்டுக்கு வழி காட்ட முடியாது. உயிரோடு பிடித்து, அதன் மேல் சின்ன ரேடியோக் கருவியைப் பொருத்தி, பறக்கவிட்டுப் பின்தொடர வேண்டும். முதல் முயற்சியில் கருவியைப் பசை வைத்து ஒட்டப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அடுத்ததாகப் பல் இடுக்கில் விட்டு இழுக்கும் நூலை எடுத்துக் கதண்டின் இடுப்பில் கட்டினார்கள். அது நின்றது. கொடுக்கை வளைத்து வளைத்துக் குத்தப் பார்க்கும் ஒரு ராட்சதக் கதண்டைப் பிடித்து, அதன் ஒட்டிய இடுப்பில் நூலால் முடிச்சுப் போடுவதை யோசித்துப் பாருங்கள். மற்ற வீரசாகசங்களெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான். கருவியைச் சுமந்து பறக்கத் தெம்பு வேண்டுமே என்று அதற்கு ஸ்ட்ராபெரி ஜாமும் ஊட்டினார்கள்.

அப்படியும் ஒன்றிரண்டு கை நழுவிப் போயின. ஒன்றின் சிக்னல் காட்டுக்குள் மறைந்தது. கடைசியில் 2020 அக்டோபர் 22 அன்று, கருவி கட்டிய கதண்டு ஒன்று நேராகக் கூட்டுக்கே கூட்டிப்போனது. பிளெய்னில், வீடு கட்டுவதற்காகச் சுத்தம் செய்யப்பட்ட தனியார் நிலத்தில், ஒரு மரப்பொந்து. உள்ளேயும் வெளியேயும் டஜன் கணக்கில் கதண்டுகள் போய்வந்துகொண்டிருந்தன. நிலத்துக்காரர், வேண்டுமானால் மரத்தையே வெட்டிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று, விடியும் முன்பே குழு இறங்கியது. குளிரில் கதண்டுகள் மந்தமாக இருக்கும், எல்லாம் கூட்டுக்குள்ளேயும் இருக்கும். ஸ்வென் ஸ்பிச்சிகர் என்ற துறைப் பூச்சியியலாளர் தலைமையில் வந்தவர்கள் தடித்த நுரை உடுப்பும் முகக் கவசமும் அணிந்திருந்தார்கள். இந்தப் பூச்சி கண்ணை நோக்கி விஷத்தைப் பீச்சவும் செய்யும் என்பதால் அந்தக் கவசம். பொந்தின் இடுக்குகளில் நுரை திணித்து, மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒரே ஒரு வழியை மட்டும் விட்டு அதில் உறிஞ்சுகுழாயைச் செருகினார்கள். 85 கதண்டுகள் குடுவைக்குள் வந்து சேர்ந்தன. மிச்சத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, துளையை அடைத்துவிட்டுப் போனார்கள்.

செய்தி நிறுவனங்கள் அத்தோடு கிளம்பிவிட்டன. எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. சில நாளில் மரத்தை வெட்டி, கூடு இருந்த துண்டத்தைப் பிளந்து பார்த்தார்கள். கூடு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளம், 23 சென்டிமீட்டர் அகலம். அடுக்கடுக்காக ஆறு தட்டுகள். அவ்வளவு வாயு செலுத்தியும் உள்ளே பலவும் உயிரோடுதான் இருந்தன. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்தது என எல்லாவற்றையும் ஒவ்வொரு அறையாக எண்ணினார்கள். மொத்தம் 500 அளவில். அதில் ஏறக்குறைய 200 ராணிகள், பிறந்தவையும் பிறக்கவிருந்தவையுமாக.

இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் அந்த 200இல் எத்தனை மண்ணுக்குள் போயிருக்குமோ. சில முன்பே போயிருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போதே சொன்னார்கள். அடுத்த ஆண்டும் கூடுகள் கிடைக்கத்தான் செய்தன.

2021: கூரையோரத்துக் காகிதக் குளவிகள்

2021 ஆகஸ்ட் 11 அன்று பிளெய்னுக்குக் கிழக்கே கிராமப்புறத்தில் ஒருவர் வினோதமான காட்சியைப் பார்த்தார். காகிதக் குளவிக் கூடு ஒன்றை ராட்சதக் கதண்டு தாக்கிக்கொண்டிருந்தது. காகிதக் குளவி என்பது வீட்டு இறவாணத்தில், ஜன்னல் மேல், தண்டில் தொங்கும் கவிழ்ந்த சிறு குடைபோலக் கூடு கட்டுமே, அந்த வகை. அவர் படத்தோடு தகவல் அனுப்பினார். ஆட்கள் வந்து கதண்டுகளைப் பிடித்துக் கருவி கட்டினார்கள். அவர் பார்த்த இடத்திலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ளேயே, பட்டுப்போன ஆல்டர் மரத்தின் அடியில் கூடு கிடைத்தது. ஆகஸ்ட் 25இல் அழித்தார்கள். ஒன்பது தட்டுகள், எல்லாப் பருவமும் சேர்த்து ஏறக்குறைய 1,500 உருப்படிகள். செப்டம்பரில் இன்னும் இரண்டு கூடுகள் சிக்கின. அதற்குப் பிறகு வாட்கம் கவுண்டியில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

அந்தக் காகிதக் குளவிச் சம்பவத்திலிருந்து துறை ஒரு நல்ல யோசனையை எடுத்துக்கொண்டது. உங்கள் வீட்டு இறவாணத்தில் காகிதக் குளவிக் கூடு இருந்தால் கலைக்காதீர்கள், அதைத் தத்தெடுத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் பாருங்கள், ராட்சதக் கதண்டு வந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டது. பாட்டிலில் சாறு ஊற்றிக் காத்திருப்பதைவிட இது மலிவு, தேவையில்லாமல் வேறு பூச்சிகளும் சாகாது. துடைப்பத்தால் தட்டிவிட நினைக்கும் ஒரு கூட்டைக் காவல் கோபுரமாக மாற்றிய இந்த யோசனைக்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

வாஷிங்டனில் உறுதியான கண்டுபிடிப்புகளில் பாதி பொதுமக்கள் தந்தவை. நான்கு கூடுகளுமே நேரடியாகவோ சுற்றிவளைத்தோ மக்கள் கொடுத்த தகவலால் கிடைத்தவைதான்.

வீட்டருகே கூடு கண்டால்

இந்தக் கதையிலிருந்து எந்த ஊர் வீட்டுக்கும் பொருந்தும் சில விஷயங்கள் உண்டு. வந்து போகும் குளவிகளை ஒவ்வொன்றாக அடிப்பது வீண் வேலை. அவை எந்தத் திசையில், எந்த உயரத்தில் திரும்பத் திரும்பப் போகின்றன என்று தள்ளி நின்று பார்த்தால் கூடு இருக்கும் திக்கு தெரிந்துவிடும். செத்த பூச்சி கிடைத்தால் டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த இனம் என்று தெரியாமல் எடுக்கும் நடவடிக்கை எதுவும் உருப்படாது.

சுவரிலோ கூரையிலோ உள்ள ஓட்டை வழியே குளவி போய்வந்தால், அந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். மெல்லிய தடுப்புப் பலகை கொண்ட வீடுகளில், வெளி வழி அடைபட்டால் குளவிகள் உள்பக்கம் கடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே வந்துவிடும். பெட்ரோல் ஊற்றுவது, பகல் வெளிச்சத்தில் கல்லெறிவது, கீழே நின்று புகை போடுவது எல்லாம் ஆளை மருத்துவமனைக்கு அனுப்பும் வழிகள். ஒரு குளவி கொட்டியதும் வெளியாகும் வாசனை மற்றவற்றையும் இழுத்து வரும் என்பதால், கொட்டு விழுந்தால் அங்கேயே நின்று கையை வீசாமல் ஓடிவிடுவதே சரி. மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றல் வந்தாலும், பல கொட்டுகள் விழுந்திருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்மூர்க் கதண்டு விஷயம் வேறு. அது வந்தேறி இல்லை, காலம் காலமாக இங்கேயே இருப்பது, புழுக்களையும் பூச்சிகளையும் தின்று பயிருக்கு உதவுவதும் உண்டு. அதை ஒழிக்க வேண்டிய தேவை கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தென்னையிலோ, ஆள் நடமாடும் வழியில் உள்ள பனையிலோ கட்டியிருந்தால் மட்டும் 101க்குச் சொல்லி, தீயணைப்பு வீரர்களை வைத்து அகற்றலாம். அவர்கள் இரவில் வந்து தீப்பந்தத்தால் எரிப்பது வழக்கம். கொட்டு விழாமல் தடுக்க அந்த முறை போதும். ராணிகளை எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை, பிளெய்னில் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி வேலையாகத் தெரிந்தாலும் நோக்கம் வேறு, அதனால் நேரமும் முறையும் வேறு.

அறிவிப்பும் அதன் பிறகும்

2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொறி வைத்தும் ஒன்றும் விழாத பிறகே ஒழிப்பை அறிவித்தார்கள். அவ்வளவு பொறுமை அரசுத் துறைகளில் அரிது. வெற்றி என்று முன்கூட்டியே கொட்டடிக்க 2022லேயே ஆசை வந்திருக்கும். அறிவிப்புக்குச் சற்று முன், 2024 அக்டோபரில், கிட்சாப் கவுண்டியில் சந்தேகப்படும்படியான கதண்டு ஒன்றைப் பார்த்ததாக ஒருவர் படம் அனுப்பினார். பூச்சி கைக்குக் கிடைக்காததால் உறுதி செய்ய முடியவில்லை. அங்கேயும் பொறி வைத்தார்கள், எதுவும் விழவில்லை.

அதற்குள் நாட்டின் எதிர்மூலையில் வேறு வேலை தொடங்கிவிட்டது. 2023 ஆகஸ்டில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்தருகே, பிரான்சைப் பிடித்த அதே மஞ்சள்கால் கதண்டு சிக்கியது. இது பெரும்பாலும் மர உச்சியில், இலை மறைவில் கூடு கட்டும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு மேலே பார்க்கும் வீட்டுக்காரர் கூடு தெரிகிறது என்று தகவல் சொல்லும்போது, ராணிகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். அதனால் அங்கே வசந்த காலத்திலேயே, ராணி தனியாக வீட்டுத் தாழ்வாரத்திலும் கொட்டகையிலும் எலுமிச்சம்பழ அளவில் முதல் கூடு தொடங்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.